சாரஸ் தம்பதி

துண்ட்லாவிலிருந்து எடாவா வரை மழைக்காலத்தில் ரயிலில் போகிறவர்கள் வயல் தண்ணீரில் சாரஸ் கொக்குகளைப் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரம், சாம்பல் உடம்பு, சிவந்த தலை. ஒன்று நின்றால் பக்கத்திலேயே இன்னொன்றும் நிற்கும். நான் டிராலியில் லைன் பார்க்கப் போன நாட்களில், ஜோடியில் ஒன்று செத்தால் மற்றது பட்டினி கிடந்து உயிரை விட்டுவிடும் என்று கேங்மேன்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள். வால்மீகியைக் கலங்க வைத்த கிரௌஞ்சம் இதுதான் என்பாரும் உண்டு. நம் சங்க இலக்கியத்து அன்றிலுக்கும் இதே புகழ்தான்.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் காலனியில் மனைவியை இழந்த ஒரு நண்பர் அறுபத்து மூன்று வயதில் மறுமணம் செய்துகொண்டதுதான். "பறவைக்கு உள்ள விசுவாசம் மனுஷனுக்கு இல்லையே" என்றார்கள். சரி, பறவையையே சாட்சிக்கு அழைப்போம்.

எடாவா, மெயின்புரி வயல்களில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. துணை இறந்தால் சாரஸ் வேறு துணையைத் தேடிக்கொள்கிறது. அதன் குடித்தனத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நீரின் நடுவே புல்லையும் நாணலையும் குவித்துக் கூடு கட்ட வேண்டும். பெரும்பாலும் இரண்டு முட்டை. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருவரும் மாறி மாறி அடைகாக்க வேண்டும். ஷிஃப்ட் டியூட்டிதான்! ஜஹாங்கீர் சக்கரவர்த்தி லைலா, மஜ்னு என்று பெயரிட்டு ஒரு ஜோடியை வளர்த்தார். இரவில் பெண் முட்டைமேல் அமர, ஆண் காவல் நின்றதைத் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆணின் ஒரு நீண்ட குரலுக்குப் பெண் இரண்டு குறுங்குரல் கொடுக்கும். இது எங்கள் இடம் என்று மற்ற ஜோடிகளுக்கு விடும் நோட்டீஸ். தனிப்பறவையால் இத்தனையும் ஆகாது.

எதிர்க்கட்சிக்கும் சாட்சி உண்டு. அமெரிக்கப் புல்வெளியில் வாழும் ஓர் எலி வகையில், துணையை இழந்தவற்றில் பெரும்பாலானவை மறுபடி ஜோடி சேர்வதில்லை. ஆனால் அவற்றின் ஆயுள் பெரும்பாலும் ஓர் ஆண்டைத் தாண்டாது! நம் நண்பருக்கோ இன்னும் இருபது ஆண்டு இருக்கலாம்.

பதிவுத் திருமணத்துக்கு அவர் மகன் வரவில்லை. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். காலையில் இருவரும் மதர் டெய்ரி பூத்துக்குச் சேர்ந்தே வருகிறார்கள். பையை அவர் தூக்குகிறார்; சில்லறையை அந்த அம்மாள் எண்ணி வாங்குகிறார்.