‘மோதல்’ என்னும் முதற்சொல்: படுகொலைகளின் நோக்கத்தை யார் எழுதுகிறார்கள்?

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் வெண்மணியில், ஒரே குடிசைக்குள் தஞ்சம் புகுந்திருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். அனைவரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். இந்நிகழ்வை விவசாயிகளிடையே நடந்த மோதலாகவே முதற்செய்திகள் பல அறிமுகம் செய்தன.

‘மோதல்’ என்றால் இரு தரப்பும் ஆயுதம் ஏந்தி எதிரெதிரே நின்றதாகப் பொருள். ‘விவசாயிகள்’ என்ற சொல்லோ நிலவுடைமையாளரையும், அவரிடம் கூலிக்கு நின்றவரையும் ஒரே போர்வைக்குள் சுருட்டிவிடுகிறது. கொன்றவர் யார், கொல்லப்பட்டவர் யார், ஏன் என்னும் மூன்று கேள்விகளும் இவ்விரு சொற்களுக்குள் மறைந்துபோகின்றன. ஒரு படுகொலையின் நோக்கம் நீதிமன்றத்தில் தீர்மானிக்கப்படுவதற்கு வெகு முன்பே, செய்தியின் முதல் வரியில் அதன் முன்வரைவு எழுதப்பட்டுவிடுகிறது. அந்த வரைவு எவ்வாறு உருவாகிறது, சட்டத்தில் அதன் விளைவு என்ன என்பதை இங்கு விளக்க முயல்கிறோம்.

கூலியா, சாதியா?

வெண்மணியின் பின்னணியில் கூலி உயர்வுக் கோரிக்கை இருந்தது உண்மை. நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் செங்கொடிச் சங்கத்துக்கும் இடையே நீண்டநாள் பகை இருந்தது உண்மை. அன்று மாலை நிலவுடைமையாளர் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டதும் உண்மை. அது தனி வழக்காக விசாரிக்கப்பட்டது. இவற்றுள் எதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கூலிதான் காரணம் என்றால், கூலி கேட்டுப் போராடாத குழந்தைகள் ஏன் எரிந்தனர்? ஆண்களில் பலர் தப்பியோடிய பின்பும் தாக்குதல் ஏன் சேரியை நோக்கித் திரும்பியது? இலக்கு ஒரு தெருவாக இருந்தது. அந்தத் தெருவோ சாதியால் வகுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பணிந்து நின்றவன் அளவைக் கூட்டிக் கேட்டபோது, அது விலைபேசுதலாக அல்ல, வரம்பு மீறலாகவே நிலவுடைமையாளருக்குத் தெரிந்தது. ஆக, ‘கூலியா, சாதியா’ என்ற கேள்வியே பிழையானது. கூலி சாதியின் வழியாகவே நிர்ணயிக்கப்பட்ட மண்ணில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறுக்க இயலாது.

பின்னர் நடந்ததை நாம் அறிவோம். கீழமை நீதிமன்றம் தண்டித்தவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. பெருநிலக்கிழார்களும் செல்வந்தர்களுமான இவர்கள் தாமே நேரில் நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. செய்தியில் ‘விவசாயி’ என்ற பொதுப்பெயருக்குள் மறைந்த மனிதர், தீர்ப்பில் ‘கனவான்’ என்ற தகுதியோடு வெளிப்பட்டார்.

மூன்று வாய்பாடுகள்

தலித் மக்கள் மீதான படுகொலைகளுக்கு நோக்கம் கற்பிக்கும் செய்திகளில் மூன்று வாய்பாடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, மேலே கண்ட ‘மோதல்’.

இரண்டாவது, ‘பழிக்குப் பழி’. 1997 டிசம்பர் 1 இரவு பிகாரின் லட்சுமண்பூர் பாதேயில் ரண்வீர் சேனை 58 பேரைக் கொன்றது. 1994இல் போஜ்பூர் பகுதியில் பூமிகார் நிலவுடைமையாளர்களால் தோற்றுவிக்கப்பட்ட படை அது. நக்சலைட்டுகளுக்கும் நிலவுடைமையாளர் படைகளுக்கும் இடையிலான முடிவற்ற வஞ்சச் சுழலில் இன்னொரு கண்ணியாகவே இத்தகைய நிகழ்வுகள் ஊடகங்களில் விவரிக்கப்பட்டன. எண்ணிக்கை எதிர் எண்ணிக்கை என்ற கணக்கில், உறங்கிக்கொண்டிருந்த குழந்தையும் ஒரு ‘தரப்பு’ ஆகிவிடுகிறது. 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம், விசாரணை நீதிமன்றம் தண்டித்திருந்த 26 பேரையும் விடுவித்தது.

மூன்றாவது, ‘ஒழுக்கம்’. 2006 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் பண்டாரா மாவட்டத்தில் உள்ள கயர்லாஞ்சியில் தாய், மகள், இரு மகன்கள் என ஒரு தலித் பௌத்தக் குடும்பத்தின் நால்வர் கொல்லப்பட்டனர். சொந்த நிலத்தில் உழுது, பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பம் அது. பக்கத்து ஊர்த் தலித் ஒருவர் தாக்கப்பட்ட வழக்கில் தாயும் மகளும் சாட்சியம் அளித்திருந்தனர். அவ்வழக்கில் கைதானவர்கள் பிணையில் வந்த அன்றே தாக்குதல் நிகழ்ந்தது. தொடக்கத்தில் இது தகாத உறவின் மீது ஊராருக்கு எழுந்த கோபமாகச் சித்திரிக்கப்பட்டது. தேசிய ஊடகங்களோ, தலித் மக்கள் வீதியில் இறங்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் பாராமுகமாகவே இருந்தன.

விசாரணை நீதிமன்றம் 2008இல் எட்டுப் பேரைத் தண்டித்தது; ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அல்ல. அறுவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2010 ஜூலையில் 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. சாதி அல்ல, சாட்சி சொன்னதற்கான பழிவாங்கலே நோக்கம் என்பது அதன் முடிவு. மரண தண்டனை தேவையா என்பது வேறு விவாதம். நம் கேள்வி இதுதான்: தலித் பெண் சாட்சி சொன்னது ஓர் ஊருக்கே பொறுக்க முடியாத குற்றமாக ஏன் தெரிந்தது? அந்தக் கேள்விக்குச் சாதியை விலக்கிவிட்டு விடை சொல்ல முடியுமா?

சட்டத்தில் நோக்கத்தின் எடை

பொதுவான குற்றவியல் சட்டத்தில், கொல்லும் கருத்து வேறு, கொல்லத் தூண்டிய நோக்கம் வேறு. நேரடிச் சாட்சியம் வலுவாக இருந்தால், நோக்கத்தை மெய்ப்பிக்காமலே கொலைக் குற்றத்தை நிறுவலாம். ஆனால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நிலை வேறாக இருந்தது. அதன் 3(2)(v) பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ‘என்ற காரணத்தினால்’ குற்றம் இழைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது. நிலத்தகராறு, முன்விரோதம், பழிவாங்கல் என வேறொரு காரணத்தைக் காட்டியே சாதியை வழக்கிலிருந்து வெளியேற்ற அச்சொற்றொடர் வழி திறந்தது.

2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை மாற்றியது. பாதிக்கப்பட்டவர் இன்ன சமூகத்தவர் என ‘அறிந்தே’ செய்திருந்தால் போதும். குற்றஞ்சாட்டப்பட்டவர் அவரையோ அவர் குடும்பத்தையோ தனிப்பட அறிந்திருந்தால், சாதியை அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. மறுத்து மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பழைய சொற்றொடரின்படியும் சாதி ஒரே காரணமாக இருக்கத் தேவையில்லை, காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே போதும் என விளக்கியது. எனினும் போதிய சான்று இல்லை என்று கூறி, அதே வழக்கில் இச்சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. கோட்பாடு வெல்லும்போதும் சான்று இல்லையெனில் வழக்கு தோற்கிறது.

செய்தித்தாள் நீதிமன்றத்தில் தன்னளவில் சான்று ஆகாது. ஆயினும், காவல் துறையின் முதல் விளக்கம் செய்தியாகிறது, அச்செய்தி பொதுக்கருத்தாகிறது, அப்பொதுக்கருத்து முதல் தகவல் அறிக்கையின் பிரிவுகளுக்குத் துணை நிற்கிறது. ‘இரு தரப்பு மோதல்’ என வழக்குப் பதிவானால், விசாரணையைத் துணைக் காவல் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும் என்னும் விதி பொருந்தாது; முன்பிணைக்கான தடை பொருந்தாது; தீருதவித் தொகையும் கிட்டாது.

நாம் செய்ய வேண்டியது

எனவே அடுத்த செய்தியைப் படிக்கும்போது சில கேள்விகளைக் கேட்போம். ‘கொல்லப்பட்டனர்’ என்ற வினைக்கு எழுவாய் உண்டா? நோக்கத்தைச் சொன்னது யார்: காவல் துறையா, உயிர்பிழைத்தவர்களா? நிகழ்வுக்கு முந்தைய மாதங்களில் அளிக்கப்பட்ட புகார்கள் என்னவாயின? எந்தத் தெரு தாக்கப்பட்டது, எது தொடப்படவில்லை?

விசாரிக்காமலே ஒவ்வொரு கொலையையும் சாதிக்கொலை என அறிவிப்பது நமக்கு உதவாது. அது எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கே பயன்படும். நிகழ்விடத்துக்குச் செல்லும் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் முழக்கத்துக்கு முன் ஆவணங்களைத் திரட்ட வேண்டும்: பழைய மனுக்களின் நகல்கள், அவற்றுக்கான ஒப்புகைச் சீட்டுகள், பாதை மறிப்பு, ஊர்விலக்கம், மிரட்டல் ஆகியவை நடந்த நாள்கள். சாட்சிகளிடம் நம் சொற்களைத் திணிக்காமல், அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொள்ள வேண்டும்.

சாதியின் நோக்கம் கொலை நடந்த இரவில் மட்டும் வெளிப்படுவதில்லை. அதற்கு முந்தைய ஒவ்வொரு புறக்கணிக்கப்பட்ட மனுவிலும் அது பதிவாகியிருக்கிறது. அந்த மனுக்களை அன்றே தேடி எடுக்கத் தவறினால், ‘மோதல்’ என்ற முதற்சொல்லே தீர்ப்பின் கடைசிச் சொல்லாகவும் நிலைத்துவிடும்.