காலதரும் கதிர்நெறியும்

தோற்றுவாய்

புதிதாக மனை கோலப் புகுவார் முதற்கண் வினவுவது, வாயில் எத்திசை நோக்கியது என்பதேயாம். கிழக்கு வாயில், வடக்கு வாயில் என்பன இன்று மனையின் விலையையே உயர்த்தும் சொற்களாகிவிட்டன. ஆயின், படுக்கையறையின் சுவர் மாலை வெயிலை ஏற்குமா, இரவில் அவ்வறையுள் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறுமா என்று வினவுவார் மிகச் சிலரே. வாயில் ஒன்று, சுவர்களோ நான்கு. மின்விசிறியைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். சுவரை மாற்றுதல் எளிதன்று. ஒருமுறை பிழைபடக் கோலிய மனையில் இரண்டு தலைமுறையினர் வெம்மையுற வாழ நேரிடும்.

வாயில் பற்றிய மரபினை மறுத்தல் நம் நோக்கமன்று. மனையின் திசை என்பது வாயிலின் திசை மட்டும் அன்று. அது கதிரின் நெறியையும் காற்றின் நெறியையும் ஒருங்கே நோக்கி வகுக்கப்படுவது. இக்கருத்துப் பழந்தமிழ் நூல்களில் உள்ளதென்பதும், இன்றைய கட்டடக் கலை அதனை எங்ஙனம் உறுதிப்படுத்துகின்றது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

சொற்கள் தரும் சான்று

சிலப்பதிகாரத்தில் வழங்கும் 'காலதர்' என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுச் செல்லும் வழியே காலதர். இன்று நாம் வழங்கும் 'சன்னல்' போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். பலகணி என்பது கண்கள் பலவாக உள்ளமையைச் சுட்டுவது. காலதர் என்னும் பெயரோ அது செய்யும் தொழிலையே சுட்டி நிற்கின்றது. வழி என்றால் அதற்குப் புகுமிடமும் போகுமிடமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பது புழை ஆகலாம், வழி ஆகாது.

காற்றுக்கு நம்மவர் இட்ட பெயர்களும் திசை பற்றியனவே. கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். திசையையும் தன்மையையும் ஒரே சொல்லில் அடக்கி வழங்கிய மக்கள், தம் இல்லங்களை அக்காற்றுக்களை நோக்காது அமைத்திருத்தல் இயலாது. மதுரைக்காஞ்சி, மதுரை நகரத்து இல்லங்கள் பல புழைகளை உடையன என்றும், அவற்றினூடே மெல்லிய காற்று ஒலித்துச் சென்றது என்றும் கூறுகின்றது. கோவலனும் கண்ணகியும் நெடுநிலை மாடத்தின் இடைநிலத்தில் இருந்தபொழுது, தென்றல் சாளரத்தின் சிறு கண்கள் வழியே உட்புகுந்ததை இளங்கோவடிகள் காட்டுகின்றார்.

நெடுநல்வாடையின் இரு செய்திகள்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத இரண்டு செய்திகளைத் தருகின்றது. முதலாவது, அரண்மனை கோலிய முறை. நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகற்பொழுதினை நோக்கி, இரு கோல் நட்டுக் குறி கண்டு, நூல் வல்லார் கயிறிட்டுத் திசையை வகுத்தனர்; அதன் பின்னரே மனை வகுக்கப்பட்டது. இரண்டாவது, வேனிற்காலத்துப் படுக்கையிடத்தின் அமைப்பு. அங்கே தென்காற்று உட்புகுமாறு நேரே வாய் வைத்த சாளரம் இருந்தது. கூதிர்க்காலம் வந்ததும் அதன் கதவுகள் தாழிட்டு அடைக்கப்பட்டன.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணின், ஓர் ஒழுங்கு புலப்படும். கட்டடத்தின் திசையை அறுதியிட்டது கதிர். சாளரத்தின் திசையை அறுதியிட்டது காற்று. கதிரின் நெறி ஆண்டுதோறும் மாறாதது. காற்றோ பருவந்தோறும் மாறுவது. ஆதலின் அதன் வழி திறக்கவும் அடைக்கவும் கூடியதாக அமைந்தது.

நிழல் சாயாத நண்பகலைச் சித்திரைத் திங்களின் நடுப்பகுதியில் வருவதாக நச்சினார்க்கினியர் உரைப்பர். இது வெறும் மரபுரை அன்று. இன்று சென்னையில் ஏறத்தாழ ஏப்ரல் 24ஆம் நாளும், மதுரையில் ஏப்ரல் நடுவிலும் கதிரவன் நேர் உச்சிக்கு வருகின்றான். தமிழாண்டு நாண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. ஆதலின் ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் என்னும் அளவில் பருவத்தினின்றும் விலகி வருவது. உரையாசிரியர் 14ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்ளின், அவர்காலத்துச் சித்திரை நடுப்பகுதி பருவ நிலையில் இன்றையினும் ஒன்பது நாள் அளவு முற்பட்டதாகும். அங்ஙனம் கணக்கிடின், அவர் கூற்று மதுரையின் உச்சி நாளோடு பெரிதும் நெருங்கி வருதல் காணலாம்.

கதிரின் நெறி

சென்னை, வடக்கே 13 பாகை அகலக்கோட்டில் உள்ளது. மார்ச், செப்டம்பர்த் திங்கள்களில் பகலும் இரவும் ஒக்கும் நாட்களில் அங்கு நண்பகற்கதிரின் உயரம் 77 பாகை. டிசம்பர் 21 அளவில் அது தென்வானில் 53 பாகைக்குச் சற்று மேற்பட்டு நிற்கும். ஜூன் 21 அளவில் உச்சிக்கு வடக்கே சாய்ந்து 80 பாகை அளவில் நிற்கும். ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுவரை, ஏறத்தாழ நான்கு திங்கள், நண்பகற்கதிர் வடபுறமாகவே செல்லும். வடசுவரில் வெயிலே படாது என்னும் எண்ணம் நம் நாட்டுக்குப் பொருந்தாது.

இக்கணக்கின் பயனை ஒரு சன்னலைக் கொண்டு விளக்குவோம். சன்னலின் உயரம் 4 அடி. அதன் மேல்விளிம்பையொட்டி, 'சன்ஷேடு' என மக்கள் வழங்கும் வெயில்மறைப்பு 2 அடி நீண்டுள்ளது எனக் கொள்க. சென்னையில் தென்சுவரில் உள்ள இச்சன்னலை, பிப்ரவரி நடுமுதல் அக்டோபர் இறுதிவரை, நண்பகலில் அம்மறைப்பு முழுதும் காக்கும். வெயில் இனிதாகும் எஞ்சிய திங்கள்களில் மட்டும் கதிர் சற்றே உட்புகும். வடசுவரில் ஜூன் திங்கள் நண்பகலுக்கு முக்கால் அடி மறைப்பே போதும்.

அதே சன்னல் மேற்சுவரில் இருப்பின் நிலைமை வேறு. மார்ச்சு இறுதியில் பிற்பகல் 4 மணியளவில் கதிர் ஏறத்தாழ 29 பாகை உயரத்திற்கு இறங்கிவிடும். அதனை முழுதும் மறைக்க 7 அடி நீளும் மறைப்பு வேண்டும். இஃது ஒரு தாழ்வாரத்தின் அளவு. பகலெல்லாம் சூடேறிய காற்றோடு இவ்வெயிலும் சேர்தலால், மேற்சுவர் மாலையில் வெம்மையை ஏற்று, நாம் உறங்கும் பொழுதில் அதனை உள்ளே விடுகின்றது. ஆகவே நெடிய சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்க, குறுகிய சுவர்கள் கிழக்கும் மேற்கும் நோக்குமாறு மனையை அமைத்தல் நம் நாட்டிற்கு ஏற்றது.

காற்றின் நெறி

காற்று எதிர்ப்படும் சுவரில் அழுத்தம் மிகும். மறுபுறச் சுவரில் அழுத்தம் குறையும். இவ்வேறுபாடே காற்றை அறையினூடே செலுத்துவது. எதிரெதிர்ச் சுவர்களிலோ, அடுத்தடுத்த சுவர்களிலோ இரு திறப்புக்கள் இருந்தாலன்றி இவ்வோட்டம் நிகழாது. பகலில் கதவு திறந்திருத்தலால் இக்குறை தோன்றுவதில்லை. இரவில் கதவை அடைத்ததும் ஒற்றைச் சன்னல் அறை மூடிய பெட்டி ஆகிவிடுகின்றது. இரண்டாம் சன்னலுக்கு இடமில்லையேல், கதவின் மேலேனும் ஒரு காற்றுப்புழை வைத்தல் வேண்டும். புகுவழி, படுத்திருப்பார் உடலில் காற்றுப் படும் உயரத்தில் தாழ இருத்தல் நன்று. போகுவழி அதனினும் சிறிதாகாமை நன்று. கொசுவலை காற்றின் விரைவைக் குறைக்குமாதலின், வலையிடும் சன்னலை அகலமாக வைத்தல் வேண்டும். காற்றே வீசாத நாட்களில், வெம்மையுற்ற காற்று மேலெழுந்து வெளியேறும் வழியாகப் பயன்பட்டது நம் முன்னோர் வைத்த முற்றம்.

எக்காற்றை ஏற்பது என்பதை இடமே உரைக்கும். சென்னையில் வேனிற்பகலில் ஆறுதல் தருவது கிழக்கிலும் தென்கிழக்கிலுமிருந்து வரும் கடற்காற்று; மேல்காற்று அங்கே அனல். கோயம்புத்தூரிலோ, ஜூன் முதல் செப்டம்பர்வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றே குளிர்ச்சி தருவது. ஓரிடத்திற்கு நலமாவது பிறிதோரிடத்திற்குத் தீங்காதல் இதனால் விளங்கும். எல்லா ஊர்க்கும் ஒரே விதி கூறுவார் இதனைக் கருதுதல் வேண்டும்.

இரண்டும் மாறுபடுங்கால்

கதிர் ஒரு திசையை வேண்ட, காற்று மற்றொரு திசையை வேண்டின் என் செய்வது? கதிரை வளைக்க இயலாது, காற்றை வளைக்கலாம். எனவே சுவரைக் கதிர்க்கும், திறப்பைக் காற்றிற்கும் ஏற்ப அமைத்தலே முறை. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இக்கருத்தினதே. கட்டடம் காற்றுக்கு நேர் எதிராக நிற்க வேண்டுவதில்லை. 30 பாகைவரை சாய்ந்து நிற்பினும் காற்றின் பயன் குறையாது. கிழக்கு அல்லது மேற்குக் காற்றே மிக வீசும் இடங்களில், வெயிலைக் குறைத்தற்பொருட்டு 45 பாகைவரையும் சாய்க்கலாம் என்பது அதன் துணிபு. சன்னலின் ஓரத்தில் வெளிநோக்கி நிற்கும் குறுஞ்சுவரும், வெளிப்புறம் திறக்கும் கதவும், பக்கவாட்டில் செல்லும் காற்றைத் தடுத்து உள்ளே திருப்பும்.

செயன்முறை

திசை காணும் முறை எளிது. சமன் செய்த நிலத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதனை நடுவாகக் கொண்டு ஒரு வட்டம் வரைதல் வேண்டும். முற்பகலில் கோலின் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் கயிற்றால் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்களும் நிழல்கொண்டு திசை காணுதலைக் கூறுகின்றன. திசைகாட்டி ஊசியின் விலகல் தமிழகத்தில் 2 பாகைக்கு உட்பட்டதே; ஆயினும் அருகே இரும்புக் கம்பிகள் இருப்பின் ஊசி பிழைபடும்; நிழல் பிழைபடாது.

தெருவின் போக்கு முன்னரே வகுக்கப்பட்ட நகரத்தில், 30 அடிக்கு 40 அடி நிலத்தில், மனையின் திசையைத் தெரிந்துகொள்ளும் உரிமை பலர்க்கு இல்லை என்பது உண்மையே. அவர்க்கும் அறைகளை வகுக்கும் உரிமை உண்டு. படிக்கட்டு, குளியலறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை மேற்புறம் வைப்பின், அவை வெயிலுக்கு அரணாக நின்று படுக்கையறையைக் காக்கும். இன்னொன்றும் மறத்தலாகாது. நம் அகலக்கோட்டில் வேனிற்காலத்து வெயிலை மிகுதியாக ஏற்பது சுவரன்று, கூரையே. மனையின் திசை எத்துணைச் செவ்விதாயினும் கூரைக்குத் தனிக் காப்பு வேண்டும். வெண்ணிறப் பூச்சு அதற்குரிய எளிய வழி.

முடிவுரை

பழந்தமிழர் மனை கோலுமுன் நிழலை நோக்கினர்; சாளரம் வைக்குமுன் காற்றை நோக்கினர். காலதர் என்னும் சொல் வழக்கொழிந்ததனால் பெரும் இழப்பில்லை. அச்சொல் உணர்த்திய பொருளும் உடன் மறைதலே இழப்பாவது. புதுமனை கோலுவார் தம் நிலத்தில் ஒருநாள் ஒரு கோல் நட்டு நிழலைக் காண்க; வேனில் மாலையொன்றில் அங்கே நின்று காற்று வரும் பக்கத்தை அறிக. அதன்பின் வரைபடம் வரையத் தொடங்குக. வாயிலை எத்திசையில் வைப்பினும், உறங்கும் இடத்திற்கு நிழலும் காற்றும் உளவாயின் அம்மனையே நன்மனை எனக் கொள்ளுதல் தகும்.