பனிப்பாதையில் ஓடியவர்கள் யார்?

உலகில் பந்தயங்கள் பலவுண்டு. குதிரைப் பந்தயம் சில நிமிஷங்களில் முடிகின்றது. மோட்டார்ப் பந்தயம் சில மணி நேரத்தில் முடிகின்றது. கூடிய ஜனங்களும் கலைந்து வீடு சேர்கின்றனர். ஆனால் வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள அலாஸ்காவில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் நடைபெறும் பந்தயமொன்று, ஒரு வாரத்துக்கும் அதிகமாக இரவு பகல் ஓயாமல் நடக்கின்றது. ஆங்கரேஜ் பட்டணத்தில் புறப்பட்டு, மலைத்தொடரைக் கடந்து, உறைந்து கிடக்கும் யூக்கன் நதியின் மேலே ஓடி, பெரிங் கடற்கரையைப் பற்றிக்கொண்டு நோம் என்னும் சிற்றூரை அடையும் வரையில் அதன் தூரம் சுமார் 1,000 மைல். நோம், வட துருவ வட்டத்துக்குச் சற்றே தெற்கில் இருப்பது. வழியில் இரண்டொரு கிராமங்களுக்கு இடையே மனித சஞ்சாரமே இல்லாத பனிவெளி. இப்பந்தயத்துக்கு இடிட்டராட் என்று பெயர். தங்கம் கிடைத்த காலத்தில் தழைத்து, தங்கம் தீர்ந்த பின்னர்ப் பாழாய்ப்போன ஓர் ஊரின் பெயரே அது.

இதில் ஓடுவோர் தனி மனிதரல்லர். ஒரு சாரதி, அவருக்கு முன்னே சறுக்கு வண்டியில் பூட்டிய நாய்கள்; 2019-ஆம் வருஷத்தில் அவை 14-க்கு மேற்படலாகாது என்பது விதியாயிருந்தது. குதிரைக்கு உள்ளது போன்ற கடிவாளம் நாய்களுக்குக் கிடையாது. "ஜீ" என்று குரல் கொடுத்தால் வலப்புறம். "ஹா" என்றால் இடப்புறம். வரிசையின் தலையில் ஓடும் முன்நாயின் அறிவையும் சாரதியின் குரலையும் நம்பியே அத்தனையும் நடக்கின்றது. சாரதி வண்டியில் சுகமாகச் சாய்ந்திருப்பவர் என்று எண்ணுதல் தவறு. மேட்டில் வண்டியின் பின்னே ஓடித் தள்ள வேண்டும். தங்கும் இடத்தில் தாம் உண்பதற்கு முன்னர்ப் பனியை உருக்கி நாய்களுக்கு உணவு சமைக்க வேண்டும். ஒவ்வொரு நாயின் நான்கு பாதங்களையும் சோதித்து, பனிக்கட்டி அறுக்காதிருக்கத் துணியுறை மாட்ட வேண்டும். ஒரு நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 10,000 கலோரி ஆகாரம் தேவை என்பர். வழியில் ஒரு முறை 24 மணி நேரமும், இரு முறை 8 மணி நேரமும் கட்டாயம் இளைப்பாற வேண்டுமென்பது விதி. மற்றப்படி உறக்கம் என்பது திருடிக்கொள்ளும் சில நாழிகைகளே.

1973-ஆம் வருஷத்தில் முதன்முறையாக நோம் வரை இப்பந்தயம் நடந்தபோது 34 பேர் புறப்பட்டனர். 22 பேரே போய்ச் சேர்ந்தனர். முதலில் வந்த டிக் வில்மார்த் என்பவருக்கு 20 நாட்களுக்கு மேலாயிற்று. கடைசியில் வந்தவருக்கோ 32 நாட்களுக்கு மேலாயிற்று. 2017-ஆம் வருஷத்தில், மிச்சல் சீவி என்பவர் 8 நாள் 3 மணி நேரத்துச் சொச்சத்தில் நோமை அடைந்தார். 1978-இல் ஏறக்குறைய 1,000 மைல் ஓடிய பின்னர் இருவர் நோம் நகரத் தெருவில் அருகருகே வந்து, ஒரே ஒரு வினாடி வித்தியாசத்தில் வெற்றி தோல்வி நிர்ணயமாயிற்று. 1985-இல் புயலுக்கு அஞ்சி ஏனையோர் தங்கியிருக்கையில், ஷாக்டூலிக் என்னும் கடற்கரைக் கிராமத்திலிருந்து துணிந்து புயலுக்குள்ளே வண்டியைச் செலுத்திய லிபி ரிடில்ஸ் என்ற மங்கை, இப்பந்தயத்தில் வென்ற முதல் பெண்ணானார். பின்னர் ஸூஸன் புச்சர் என்பவர் நான்கு முறை வென்றார். உறுதியில் ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எனினும் இவ்வீரச் செயல்களை மட்டும் எடுத்துரைப்பது நமது நோக்கமன்று. இப்பந்தயத்தின் பின்னே ஒரு சரித்திரம் இருக்கின்றது. அச்சரித்திரத்தின் பின்னே ஓர் அநீதியும் இருக்கின்றது. அரசியல் தொண்டில் ஈடுபட்டோர் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

1925-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், பனிக்கட்டியால் கடல்வழி அடைபட்டுக் கிடந்த நோமில், டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைப் பற்றிற்று. ஊரில் இருந்த ஒரே வைத்தியரான கர்டிஸ் வெல்ச்சிடம் இருந்த விஷமுறிவு மருந்து பழையது, போதாததுமாகும். 1918-ஆம் வருஷத்து இன்புளூயன்ஸா அப்பிரதேசத்துச் சுதேசிகளில் மிகப் பலரை வாரிக்கொண்டு போனதை எவரும் மறக்கவில்லை. தந்தி மூலம் முறையிட்டதில், ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் 3,00,000 அலகு மருந்து இருப்பது தெரிய வந்தது. ரயில் நெனானா வரையில்தான் செல்லும். அதற்கப்பால் நோம் வரை 674 மைல் பனிப்பாதை. நாய் வண்டியே கதி.

ஜனவரி 27-ஆம் தேதி இரவு நெனானாவில் புறப்பட்ட அம்மருந்துப் பொட்டலத்தை, 20 சாரதிகள் சுமார் 150 நாய்களுடன் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றிக் கொண்டு சென்றனர். பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி வரை குளிர். அக்காரியத்தை அவர்கள் 127½ மணி நேரத்தில் முடித்து, பிப்ரவரி 2-ஆம் தேதி விடியுமுன்னர் மருந்தை வைத்தியர் கையில் சேர்ப்பித்தனர். நோம் பிழைத்தது.

கடைசிப் பகுதியை ஓட்டியவர் குன்னார் காஸன். அவருடைய முன்நாய் பால்ட்டோ. முடிவில் வந்தவரையே உலகம் கண்டது. அவ்வருஷம் டிசம்பர் மாதத்திலேயே நியூயார்க் நகரின் மத்தியப் பூங்காவில் பால்ட்டோவுக்கு வெண்கலச் சிலை எழுந்தது. இவ்வோட்டத்தில் எவரினும் நீண்ட தூரம் சென்றவரோ லியனார்டு செப்பாலா என்பவர். அவர் நோமிலிருந்து எதிரே சென்று மருந்தைப் பெற்று, புயலில் நார்டன் விரிகுடாவின் உறைபனி மேலே, எக்கணத்திலும் பிளந்து கடலுக்குள் அடித்துச் செல்லக்கூடிய அப்பனி மேலே திரும்பினார். போக வரச் சுமார் 260 மைல். அவருடைய முன்நாய் டோகோவுக்கு அப்போது வயது 12. டோகோவின் உழைப்பு பால்ட்டோவின் புகழில் மறைந்துவிட்டதே என்று செப்பாலா மனம் வருந்தினார்.

செப்பாலாவுக்காவது வருந்திச் சொல்ல ஒரு குரல் இருந்தது. மற்றவர்கள் சங்கதி என்ன? அந்த 20 பேரில் பெரும்பாலோர் அலாஸ்காவின் சுதேசிகள். யூக்கன் நதிக்கரை அதபாஸ்கன் ஜாதியினரும் கடற்கரை இனத்தவரும் ஆவர். சாதாரண காலத்தில் தபால் மூட்டை சுமந்தவர்கள். எட்கர் காலண்டு என்ற இளைஞர் தம் பகுதியை முடித்தபோது, வண்டியின் கைப்பிடியோடு உறைந்து ஒட்டிப்போன கைகளை வெந்நீர் ஊற்றி விடுவிக்க வேண்டியிருந்தது என்று கூறுவர். சார்லி எவான்ஸின் இரு நாய்கள் குளிரில் மாண்டன. டாமி பாட்ஸி, ஜாக்ஸ்க்ரூ, விக்டர் அனகிக், மைல்ஸ் கொனங்னன் ஆகிய இவர்கள் பெயரில் சிலை ஏதும் மத்தியப் பூங்காவில் எழவில்லை. இவர்களில் கடைசியாக உயிரோடிருந்த எட்கர் நால்னர் 1999-ஆம் வருஷத்தில் காலமானார்.

இது வெறும் மறதியென்று நாம் கருதவில்லை. 1867-இல் ருஷியச் சக்கரவர்த்தி 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றபோது, அந்நாட்டு மக்களை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. அமெரிக்கச் சுதேசிகள் அனைவருக்கும் பிரஜா உரிமை அளிக்கும் சட்டம் 1924-இல்தான் பிறந்தது. மருந்தோட்டம் நடந்த அதே 1925-ஆம் வருஷத்தில், இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்குரிமை இல்லையென்று அலாஸ்காவின் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அது யாரைத் தடுப்பதற்கென்று விளக்க வேண்டுமோ? குழந்தைகளின் உயிரைச் சுமந்து பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக் குளிரில் வண்டியோட்ட அவர்கள் தகுதியுடையவர். வாக்குச்சீட்டைச் சுமந்து பத்தடி நடக்கத் தகுதியற்றவர்! ஹோட்டல்களிலும் கடைகளிலும் சுதேசிகளைப் புறக்கணிப்பதைத் தடுக்கும் சட்டம் அலாஸ்காவில் 1945-இல்தான் நிறைவேறிற்று. அதுவும், சுதேசி மக்கள் தாமே ஸ்தாபனம் கண்டு, எலிஸபெத் பெரட்ரோவிச் போன்றோர் சட்டசபையின் முன் நின்று வாதாடியதன் பயன்.

புகழ் பெற்ற பால்ட்டோவும் நெடுநாள் வாழவில்லை, புகழில்! சில வருஷங்களுக்குள் அது ஒரு காட்சிக்கூடத்தில் காசுக்குக் காட்டப்படும் பிராணியாயிற்று. 1927-இல் கிளீவ்லண்ட் நகரத்து ஜனங்களும் பள்ளிக் குழந்தைகளும் காசு திரட்டி அதனை மீட்டனர். ஆரவாரப் புகழின் ஆயுள் இவ்வளவே.

பின்னர் விமானம் வந்தது. தபால் ஆகாய மார்க்கமாயிற்று. 1960-க்குப் பின் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி கிராமந்தோறும் புகுந்தது. வீட்டுக்கு வீடு இருந்த நாய்க் கூட்டங்கள் மறைந்தன. தலைமுறை தலைமுறையாகத் தந்தை மகனுக்குக் கற்பித்த வித்தை, ஒரு தலைமுறைக்குள் அழிந்துபோகும் நிலை வந்தது. அது கண்டு மனம் பொறாத ஜோ ரெடிங்டன் என்பவர், டாரதி பேஜ் என்ற மாதரசியின் யோசனையையும் துணையாகக் கொண்டு, பழைய பாதையைச் செப்பனிட்டு ஏற்படுத்தியதே இப்பந்தயம். ஆகவே இது பரிசுக்கு மட்டும் ஏற்பட்டதன்று. ஒரு கலையின் உயிரைக் காக்க ஏற்பட்டது.

அக்கலைக்கு உரியவர்கள் அதில் தம் இடத்தைப் பெற்றார்களா? பெற்றார்கள். 1974-இல் கார்ல் ஹண்டிங்டன், 1975-இல் எம்மிட் பீட்டர்ஸ் ஆகிய அதபாஸ்கன் வீரர் இருவர் அடுத்தடுத்து வென்றனர். பீட்டர்ஸ் முந்திய வருஷங்களின் காலத்தைப் பல நாட்கள் குறைத்து, 15 நாட்களுக்குள் நோமை எட்டினார். 2011-இல் ஜான் பேக்கர், வென்ற முதல் இன்யூபியாக் இனத்தவரானார். 2019-இல் யூபிக் இனத்தவரான பீட்டர் கைஸர் வென்றார். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அவர்கள் தங்கள் தகுதியை நிலைநாட்டியே இருக்கின்றனர்.

ஆயினும் இன்று பந்தயத்தை மூன்று இடர்கள் சூழ்ந்திருக்கின்றன. முதலாவது பணம். வருஷம் முழுவதும் நாய்க் கூட்டத்துக்குத் தீனி போட்டு வளர்ப்பது பெருஞ்செலவு. தூரத்துக் கிராமங்களுக்கு ஆகாரமே விமானத்தில் வர வேண்டியிருக்கிறது. 2023-ஆம் வருஷத்தில் புறப்பட்டோர் 33 பேரே; முதல் வருஷத்துத் தொகையினும் ஒன்று குறைவு. இரண்டாவது, இயற்கை மாறுதல். 2003, 2015, 2017, 2025 ஆகிய வருஷங்களில் வழக்கமான பாதையில் போதிய பனியில்லாமல் பந்தயத்தை வடக்கே பேர்பாங்க்ஸிலிருந்து துவக்க நேர்ந்தது. தூரதேசங்களின் ஆலைப்புகை பனிநாட்டுப் பாதையைக் கரைக்கின்றது. புகையை எழுப்பினவர்கள் வேறு, பாதையை இழப்பவர்கள் வேறு.

மூன்றாவது, நாய்களைப் பற்றிய ஆட்சேபம். இதனை அலட்சியம் செய்தல் கூடாது. 2024-ஆம் வருஷத்துப் பந்தயத்தில் 3 நாய்கள் மாண்டன. மிருக வைத்தியர்கள் தங்கல்தோறும் சோதிக்கிறார்கள், களைத்த நாயை வழியில் விட்டுச் செல்லலாம், கட்டாய ஓய்வு உண்டு என்று நடத்துவோர் கூறுவது மெய். ஜீவகாருண்ய சங்கத்தார், விளையாட்டுக்காக ஓர் உயிரும் போகலாகாது என்பதும் நியாயம். ஓடுவதில் அந்நாய்களுக்குள்ள ஆர்வம் பிறவிக் குணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1925-இல் நாய்கள் மாண்டது குழந்தைகளின் உயிருக்காக. இன்று மாள்வது பரிசுக்காகவும் நேரக் கணக்குக்காகவும். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. வேகத்தைக் குறைத்து ஓய்வை அதிகரிப்பதால் பந்தயத்தின் பெருமை குறையாது. 20 நாளில் நோமை அடைந்த முதல் வருஷத்தாரை எவரும் கோழைகள் என்று சொல்லவில்லையே!

கலையைக் காக்க வேண்டும். அதற்காக உயிரை வாட்டலாகாது என்பதே நமது அபிப்பிராயம். அதனினும் முக்கியமானது, கலைக்குரிய கிராம மக்கள் பணமில்லாத காரணத்தால் தம் சொந்தப் பாதையிலேயே வேடிக்கை பார்ப்பவராக ஆகிவிடக்கூடாது என்பது. நுழைவுக் கட்டணத்தையும் தீனிச் செலவையும் பொதுநிதியிலிருந்து ஏற்று அவர்களை ஓடச் செய்வது தருமமன்று, பழங்கடனைத் தீர்ப்பதேயாகும்.

பொதுத்தொண்டில் இறங்கியோருக்கு இச்சரித்திரம் புகட்டும் பாடமும் ஒன்றுண்டு. நீண்ட ஓட்டத்தில் எவரும் முழுத்தூரத்தையும் ஓடுவதில்லை. இருட்டில் ஒருவர் கொண்டுவந்து தந்ததை, அடுத்த சாவடி வரை பழுதின்றிச் சேர்ப்பிப்பதே ஒவ்வொருவர் கடமை. கடைசிப் பகுதியை ஓட்டியவருக்கு மாலை விழலாம். நடுவிலுள்ள முப்பது மைலில் ஒருவர் தவறியிருந்தால் மாலைக்கு இடமேது? பழைய நாளில், வண்டியோட்டி ஒருவர் பாதையில் இருக்கும் வரையில் சத்திரங்களின் வாசலில் ஒரு விளக்கை ஏற்றி வைப்பது அலாஸ்கா வழக்கம். இன்றும் பந்தயக் காலத்தில் நோமில் அவ்விளக்கை ஏற்றுகின்றனர். முதல்வர் வந்தவுடன் அதனை அணைப்பதில்லை. கடைசிச் சாரதி வந்து சேர்ந்த பின்னரே அணைக்கின்றனர். கடைசியாக வந்தவருக்குச் சிவப்பு லாந்தர் ஒன்றைப் பரிசாகவும் தருகின்றனர். தேசங்களின் சரித்திரத்தை எழுதுவோரும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்வாராக.