பின்னால் வரும் லாரிக்கு யார் சொல்வது?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஐ-80 நெடுஞ்சாலை 402 மைல் ஓடுகிறது. பெரும்பகுதி 6,000 அடிக்கு மேற்பட்ட மேட்டு நிலம். குளிர்காலக் காற்று லோடு இல்லாத லாரியை அப்படியே பக்கவாட்டில் சாய்த்துவிடும். பறக்கும் பனியில் எதிரே எதுவும் தெரியாது. ஒரு லாரி சறுக்கி நிற்கும். அடுத்தது வந்து மோதும். அதற்கடுத்தது அதன்மேல் மோதும்.

நாமக்கல்லில் லாரிக்காரர் மகளாக வளர்ந்த எனக்கு இது தூரதேசத்துச் செய்தியாகப் படவில்லை. ஆக்சில் உடைந்து வண்டி நின்றால், எங்கள் கிளீனர் அண்ணன் ஜாக்கியைத் தொடுவதற்கு முன் மரக்கிளை ஒடிக்க ஓடுவார். வண்டிக்குப் பின்னால் தள்ளிக் கிளையைப் போட்டு, காற்றில் நகராமல் கல் வைப்பார். பகலில் அது போதும். மழை இரவில், வருகிறவர் கிளையைப் பார்க்கும்போது லாரியும் பக்கத்தில் இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது.

இணைப்பு வாகனத் தொழில்நுட்பம் அந்தக் கிளையின் வேலையை ரேடியோ அலையில் செய்கிறது. ‘இங்கே இருக்கிறேன், இந்த வேகம், இந்தத் திசை, பிரேக் பிடித்திருக்கிறேன்’ என்று ஒவ்வொரு வண்டியும் நொடிக்குச் சுமார் பத்து முறை சொல்லிக்கொண்டே போகும். சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வண்டிகள் அதை நேரடியாகக் கேட்கும். செல்போன் டவர் வேண்டாம். கேமராவுக்கு முன்னால் போகும் வண்டிதான் தெரியும். ரேடியோவுக்கோ அதற்கும் முன்னால், வளைவுக்கு அப்பால் நிற்பதும் தெரியும்.

2015-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை இதைச் சோதிக்க நியூயார்க், டாம்பா, வயோமிங் ஆகிய மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தது. வயோமிங் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சொகுசுக் காரைத் தேடிப் போகாமல், லாரிகளிலும் சாலைப்பனி தள்ளும் வண்டிகளிலும் கருவியைப் பொருத்தினார்கள். ஆபத்தை முதலில் பார்ப்பவர்கள் அந்த ஓட்டுநர்கள்தானே.

டீசலும் மிச்சமாகும். சிக்னல் பச்சையாக இன்னும் எத்தனை நொடி என்று வண்டிக்கே தெரிந்தால், ஓட்டுநர் முன்கூட்டியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். 2016-இல் லாஸ் வேகாஸில் ஆடி கார்களுக்கு இந்த வசதி வந்தது. முழு லோடு லாரியை நிறுத்தி, மறுபடி முதல் கியரில் கிளப்புவதற்கு எவ்வளவு எண்ணெய் போகும் என்று எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் சொல்வார்.

பிறகு ஏன் பரவவில்லை? பத்தில் ஒரு வண்டியில் மட்டும் கருவி இருந்தால், எதிர்ப்படும் இரண்டு வண்டிகளிலும் அது இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். முதலில் வாங்குபவருக்குப் பலன் குறைவு. எனவே யாரும் முதலில் வாங்குவதில்லை. அமெரிக்கா 1999-இலேயே இதற்காக 75 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஒதுக்கியது. எந்த வகை ரேடியோ என்ற சண்டையிலேயே காலம் போனது. 2020-இல் அதில் 45 மெகாஹெர்ட்ஸை எடுத்து வைஃபை போன்ற சேவைகளுக்குத் திறந்துவிட்டார்கள். உயிர் காக்கும் திட்டத்தை இருபது வருடம் இழுத்தடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டில் 2019 முதல் புதிய பேருந்து, டாக்சிகளில் இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். நல்லதுதான். ஆனால் அது பேசுவது கட்டுப்பாட்டு அறையோடு. லாரிகளில் நாங்களே மாட்டிய ஜிபிஎஸ் பேசுவது முதலாளியோடு. பின்னால் பத்து நொடி தூரத்தில் வருகிறவருக்கு இரண்டுமே எதுவும் சொல்வதில்லை.

ஜெர்மனியில் சாலைப்பணி எச்சரிக்கை வண்டிகளே ரேடியோவில் தகவல் அனுப்புகின்றன. வோக்ஸ்வேகன் கோல்ஃப் போன்ற கார்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. இங்கும் டோல்கேட் ரோந்து வண்டியிலிருந்து தொடங்கலாம். பழுதான லாரிக்குப் பின்னால் போய் நிற்பது அதுதான். கேட்கும் கருவி பழைய லாரிக்கு எப்படி வரும் என்பார்கள். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோது, எங்கள் ஊரில் பெயிண்ட் உதிர்ந்த லாரியின் கண்ணாடியிலும் அது ஒட்டப்பட்டது. சுங்கம் வசூலிக்க முடிந்த அரசுக்கு இதுவும் முடியும்.