ஹாஷ் எண் பொய் சொல்லுமா?

தெருமுனைக் கடைக்காரர் ஒருவர் தன் சிசிடிவி பதிவின் நகலைக் கோர்ட்டில் சாட்சியமாகக் கொடுக்க வேண்டுமென்றால், இப்போது ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63(4)-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் அது. அதன் முதல் பகுதி பதிவைத் தாக்கல் செய்பவருக்கு, இரண்டாம் பகுதி நிபுணருக்கு. இரண்டிலும் ஒரே கேள்வி வருகிறது: இந்தப் பதிவின் ஹாஷ் மதிப்பு என்ன, எந்த முறையில் கணக்கிட்டீர்கள்? பக்கத்திலேயே ஷா1, ஷா256, எம்டி5, மற்றவை என்று கட்டங்கள். வக்கீல் குமாஸ்தா காட்டிய இடத்தில் டிக் அடித்துவிட்டு வருவதுதான் பலருக்கும் தெரிந்த வழி. ஆனால் நாளைக்குக் குறுக்கு விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் குமாஸ்தா அல்ல.

ஹாஷ் என்பது ஒரு கணக்கு. எவ்வளவு பெரிய ஃபைலைக் கொடுத்தாலும் அதை ஒரே நீளமுள்ள எண்ணாகச் சுருக்கித் தரும். ஷா256 தருவது 64 இலக்கம். வீடியோவில் ஒரே ஒரு பிட் மாறினால்கூட அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஃபைலின் பெயரை மாற்றினால் மாறாது. இரண்டு நொடி வெட்டினால் மாறும்.

எதன் ஹாஷை எடுத்தோம் என்பதும் முக்கியம். கேரளத்தில் 2017-ல் நடிகை ஒருவர் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்ட வழக்கில், நீதிமன்றக் காவலில் இருந்த மெமரி கார்டின் ஹாஷ் மதிப்பு மாறியிருப்பது தடயவியல் பரிசோதனையில் தெரியவந்தது. 2022-ல் அதை மறுபடி ஆய்வுக்கு அனுப்பக் கேரள உயர் நீதிமன்றம் வழி செய்தது. 2023 டிசம்பரில் விசாரணைக்கும் உத்தரவிட்டது. முழு கார்டின் ஹாஷ் வேறு, அதிலுள்ள ஒரு வீடியோவின் ஹாஷ் வேறு. எழுதுவதைத் தடுக்கும் கருவி இல்லாமல் கார்டை ஒரு போனில் செருகினாலே, போன் தன் சொந்தக் கோப்புகளை அதில் எழுதிவிடலாம். வீடியோவின் எண் அப்படியே இருக்கும், கார்டின் எண் மாறிவிடும். ‘ஹாஷ் மாறிவிட்டது’ என்று யார் சொன்னாலும், எதன் ஹாஷ் என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் சிக்கல், கணக்குப் போடும் புரோகிராமில் இருக்கிறது.

ஷா256-ஐ சி மொழியில் எழுதுவது பெரிய வித்தை இல்லை; நூறு நூற்றைம்பது வரிகளில் முடிந்துவிடும். ஃபைலை 64 பைட் துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் 64 சுற்று கலக்கி, எட்டு எண்களில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் நினைவகம் கூடுதலாகத் தேவையில்லை. கடைசியில் மொத்த நீளம் எத்தனை பிட் என்பதை 64 பிட் எண்ணாகச் சேர்க்க வேண்டும். வழுக்குவது இங்கேதான். நீளத்தை எண்ண 32 பிட் எண்ணை வைத்துவிட்டால், 512 எம்பி தாண்டியதும் பழைய ஸ்கூட்டர் மீட்டரைப் போல அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மூன்றெழுத்துச் சோதனையில் சரியான விடை, ஒரு ஜிபி வீடியோவில் தப்பான விடை. எந்த எச்சரிக்கையும் வராது.

எம்டி5-ஐ ரான் ரிவெஸ்ட் 1992-ல் வெளியிட்டபோது கூடவே கொடுத்த சி நிரலிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. 32 பிட் எண்ணுக்கு அதில் ‘அன்சைன்ட் லாங்’ என்று எழுதியிருக்கிறது. அன்றைய இயந்திரங்களில் அது சரி. இன்றைய 64 பிட் லினக்ஸில் அதே வரிக்கு 64 பிட் என்று பொருள். அப்படியே நகலெடுத்துக் கம்பைல் செய்தால் வரும் விடை எம்டி5 அல்ல.

பெரிய கைகளும் தவறியிருக்கின்றன. ஷா3 என்ற ஹாஷ் முறையை வடிவமைத்த கெச்சாக் குழுவினரின் அதிகாரபூர்வ சி நிரலில், 2011 முதலே ஒளிந்திருந்த ஒரு பிழையை நிக்கி மௌஹா என்ற ஆய்வாளர் 2022 அக்டோபரில் வெளிப்படுத்தினார். ஒரே அழைப்பில் சுமார் 4 ஜிபி தரவைத் தள்ளும்போது 32 பிட் கணக்குப் பிசகி, நினைவகத்தில் எழுதக்கூடாத இடத்தில் எழுதிவிடும். பைதான், பிஎச்பி இரண்டும் அந்த நிரலைச் சுமந்துகொண்டிருந்தன. அதற்கு முன்பே ஆப்பிளின் கோர்கிரிப்டோ நிரல் தொகுப்பிலும், இதே அளவுத் தரவு கொடுத்தால் முடிவில்லாமல் சுற்றும் பிழை சிக்கியிருந்தது. ஃபைலைத் துண்டு துண்டாகப் படிக்கும் கருவிகள் ஷா3 பிழையில் மாட்டாது என்பது ஆறுதல்தான். ஆனாலும் 4 ஜிபி என்பது ஒரு டிவிஆர் (சிசிடிவி பதிவுக் கருவி) பதிவுக்குச் சாதாரண அளவு. யாரோ அவசரத்தில் எழுதிக் கொடுத்த ‘ஹாஷ் எடுக்கும் ஆப்’பை நம்பி எண்ணை எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவது.

படிவத்தில் உள்ள கட்டங்களும் ஒன்றுக்கொன்று சமம் அல்ல. எம்டி5-இல் ஒரே எண் தரும் இரு ஃபைல்களை உருவாக்க முடியும் என்று 2004-லேயே சீன ஆய்வாளர் வாங் ஷியாவ்யூன் குழு காட்டிவிட்டது. ஷா1-க்கு அதே கதி 2017 பிப்ரவரியில்: கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் ஒரே ஹாஷ் கொண்ட இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டன. இதை வைத்து, ஏற்கெனவே இருக்கும் உங்கள் வீடியோவுக்கு இன்னொருவர் பொருத்தமான போலி செய்துவிட முடியாது. ஃபைலை உருவாக்குபவரே ஆரம்பத்திலேயே இரண்டு வடிவம் தயாரித்து வைக்கத்தான் முடியும். ஆனால் கோர்ட்டில் சந்தேகத்தைக் கிளப்ப அது போதும். ஷா256 கட்டம் பக்கத்திலேயே இருக்கும்போது மற்ற இரண்டைத் தனியாக டிக் அடிக்க நியாயமே இல்லை. அவற்றைச் சட்டம் இன்னும் படிவத்தில் வைத்திருப்பதுதான் ஆச்சரியம்.

பதிவைக் கொடுப்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூலப் பதிவை டிவிஆரிலேயே விட்டு, பென்டிரைவில் நகல் எடுத்த அந்த நேரத்திலேயே ஹாஷ் எடுக்க வேண்டும். விண்டோஸில் உள்ள ‘செர்ட்யூட்டில்’ கட்டளை போதும். ஷா256 என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அது ஷா1-ஐத்தான் தரும் என்பதை மறக்கக்கூடாது. வேறொரு கணினியில், வேறொரு கருவியில் இன்னொரு முறை எடுத்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு ஹாஷ் மாறிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மாறாது.

எதிர்த்தரப்பில் நிற்பவருக்கும் உரிமை உண்டு. மெமரி கார்டில் உள்ள பதிவு ஓர் ஆவணமே என்றும், அதன் நகலைப் பெறக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொதுவாக உரிமை உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதே கேரள வழக்கில்தான் அது; பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காக்க, அங்கே மட்டும் நகலுக்குப் பதில் பார்வையிட அனுமதித்தது. நகல் கையில் வந்ததும் ஹாஷ் எடுத்துச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிடலாம். பொருந்தாவிட்டால் தடயவியல் ஆய்வு கேட்டு மனுப் போடலாம், நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சான்றிதழோடு ஹாஷ் அறிக்கையையும் இணைக்க வேண்டும் என்று படிவமே சொல்கிறது. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எடுத்தது கார்டுக்கா ஃபைலுக்கா, எந்தத் தேதியில் என்ற விவரங்கள் அந்த அறிக்கையில் இல்லையென்றால், முதல் கேள்வியை அங்கிருந்தே தொடங்கலாம்.