கோடு போட்டதால் பிழைத்த நாடு

1956-இல் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்த எல்லை, ஊர்களைப் பிரித்தது. ஆனால் பல மொழி பேசும் ஒரு நாடு உடையாமல் இருப்பதன் ரகசியமும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, திருவனந்தபுரம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். மாநிலம் மாறிவிடுகிறது. கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து மறைந்து மலையாள எழுத்து தலைகாட்டுகிறது. போலீஸ்காரரின் தொப்பி மாறுகிறது, பஸ்ஸின் நிறம் மாறுகிறது. மண் மட்டும் மாறவில்லை. அதே தென்னை, அதே ரப்பர், அதே வாழை. கிழங்குக்கு இந்தப் பக்கமும் மரச்சீனி என்றுதான் பெயர், அந்தப் பக்கமும் அதே பெயர்தான்.

பேச்சும் அப்படித்தான். விளவங்கோட்டுக் கிராமங்களில் பேசும் தமிழைக் கேட்கும் மதுரைக்காரர், இது மலையாளம் என்று நினைத்துவிடுவார். பாறசாலையில் பேசும் மலையாளத்தைக் கேட்கும் கோட்டயத்துக்காரர், இதில் பாதி தமிழ் என்பார். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

பாறசாலை, காரோடு, குன்னத்துகால், வெள்ளறடை. நெய்யாற்றின்கரை தாலுகாவின் இந்த எல்லைக் கிராமங்களில், அக்கா ஒரு மாநிலத்திலும் தங்கை இன்னொரு மாநிலத்திலும் வாக்களிக்கும் குடும்பங்கள் சாதாரணம். பெண் கொடுத்து பெண் எடுப்பதற்கு இங்கே யாரும் செக்போஸ்ட்டில் அனுமதி கேட்பதில்லை.

பல இனங்கள், பல மொழிகள் உள்ள ஒரு நாடு சேர்ந்திருக்க வேண்டுமா, பிரிந்து போய்விடுவது நல்லதா? உலகம் முழுக்க ரத்தம் சிந்த வைத்த கேள்வி இது. இதற்கு விடை தேடிப் பெரிய நூலகங்களுக்குப் போக வேண்டாம். களியக்காவிளை பஸ் நிலையத்திலிருந்தே தொடங்கலாம்.

பழைய எல்லை வேறு

1956-க்கு முன் இங்கே எல்லையே கிடையாது. திருவிதாங்கூரின் கிழக்கு வாசல் இங்கிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. கன்னியாகுமரியும் நாகர்கோவிலும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் ஒரே ராஜ்ஜியம். தலைநகரமே ஒரு காலத்தில் கல்குளம் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது.

அந்த ராஜ்ஜியம் தனி நாடாகவே போயிருக்கக்கூடும். 1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் சுதந்திர நாடாக இருக்கும் என்று அறிவித்தார். ஜின்னா வரவேற்றார். மக்கள் கொதித்தார்கள். ஜூலை 25-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றில் சி.பி. வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் தனி நாட்டுக் கனவு பிழைக்கவில்லை. சில நாட்களிலேயே திருவிதாங்கூர் இந்தியாவுடன் சேர்ந்தது. அன்று சி.பி. வென்றிருந்தால், நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர் ஆரல்வாய்மொழியில் பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருந்திருக்கும்.

துப்பாக்கி பேசிய ஆகஸ்ட்

தனி நாடு போயிற்று. அடுத்த கேள்வி வந்தது. திருவிதாங்கூருக்குள் இருக்கும் தமிழர்கள் எங்கே இருப்பது? ஆட்சி, பள்ளி, வேலை எல்லாவற்றிலும் மலையாளம் முன்னே நின்றது. பயிர் செய்யும் தமிழனுக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கும் சர்க்கார் காகிதம் புரியாத காகிதமாக இருந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பிறந்தது. மக்கள் மார்ஷல் என்று அழைத்த ஏ. நேசமணி அதன் முகமானார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு என்று நீண்ட கோரிக்கைப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது.

1954 ஆகஸ்ட் 11. கட்சி அறிவித்த விடுதலை நாள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. தமிழ் பேசியவர்கள் பிணமாக விழுந்தார்கள். அப்போது முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தன் கட்சி ஆட்சியே ஆனாலும் மக்கள்மீது சுட்ட அரசு ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். பட்டம் கேட்கவில்லை. கட்சி உடையும் அளவுக்கு விவகாரம் முற்றியது. எல்லையோரத்தில் நடந்த ஒரு துப்பாக்கிச்சூடு, தேசிய அரசியலின் மனசாட்சியைத் தொட்டது அப்படித்தான்.

டெல்லிக்கு இது பிடித்த விஷயமல்ல. மதத்தின் பெயரால் நாடு துண்டான காயம் ஆறவில்லை. மொழியின் பெயரால் மாநிலம் கேட்பதும் இன்னொரு பிரிவினைக்கு முதல் படி என்று 1948-இல் தார் கமிஷன் பயந்தது. நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா அடங்கிய குழுவும் 1949-இல் பொறுங்கள் என்றது. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து இறந்த பிறகு ஆந்திரத்தை மறுக்க முடியவில்லை. 1953 டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் வந்தது. ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்கு. நெய்யாற்றின்கரையும் கேரளத்துக்கே.

நெய்யாற்றின்கரை தாலுகாவை மொத்தமாக எடுத்தால் தமிழர் பெரும்பான்மை இல்லை. தெற்கு ஓரக் கிராமங்களை மட்டும் தனியாக எண்ணியிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கலாம் என்ற வாதம் அன்றும் இருந்தது. ஆனால் ஊர் ஊராகப் பிரிக்க ஆரம்பித்தால் கோடு எங்கேயும் நிற்காது என்று ஆணையம் நினைத்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. பாறசாலை கேரளத்தின் தெற்குக் கடைசி ஆனது.

அதே 1956

இங்கே சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே கோடு போட்ட அதே 1956-இல், கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு இன்னொரு முடிவு எடுத்தது. ஜூன் மாதம் இலங்கை நாடாளுமன்றம் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றியது. தமிழர் தலைவர் செல்வநாயகம் அப்போது கேட்டது தனி நாடு அல்ல, கூட்டாட்சி. 1957-இல் பிரதமர் பண்டாரநாயக்கா அவருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். பிரதேச சபைகள் என்ற அளவிலாவது அதிகாரம் பகிர அது வழி வைத்தது. எதிர்ப்புக்குப் பயந்து மறு வருடமே அதைக் கைவிட்டார். கூட்டாட்சி கேட்டவர்களின் கட்சிகள் 1976-இல் வட்டுக்கோட்டையில் தனி நாடு கேட்டன. 1983-இல் இனக் கலவரம், 2009 மே வரை யுத்தம்.

பாகிஸ்தான் கதையும் அதேதான். உருது மட்டும் போதும் என்று 1948-இல் சொன்னார்கள். 1952 பிப்ரவரி 21-இல் டாக்காவில் மாணவர்கள்மீது சுட்டார்கள். 1956 அரசியல் சட்டத்தில் வங்கமொழிக்கு இடம் கொடுத்தபோது, அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. 1971-இல் நாடு இரண்டாயிற்று.

இந்தியாவிலும் பிரிவினைக் குரல் இல்லாமலில்லை. 1962-இல் அண்ணா மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டார். பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி 1963-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. சட்டம் மட்டும் காரணம் என்றால் கோரிக்கை தலைமறைவாகப் போயிருக்கும். போகவில்லை. தேர்தலில் நின்று 1967-இல் ஆட்சியைப் பிடிக்க வழி இருந்தது. 1969-இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரும் சூட்ட முடிந்தது. கேட்டதில் ஒரு பெரும்பகுதி, பிரியாமலே கிடைத்தது.

அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவு இதற்கெல்லாம் அடித்தளம். நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் எந்த மாநிலத்தின் எல்லையையும் மாற்றலாம். நாட்டின் வெளி எல்லை இரும்பு, உள் எல்லைகள் களிமண். 2014-இல் ஒரே தெலுங்கு பேசும் மக்களுக்கு இரண்டாவது மாநிலமாகத் தெலங்கானா வந்ததும் அப்படித்தான்.

இதை வைத்து, சேர்ந்திருப்பதே எப்போதும் நியாயம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1993 புத்தாண்டன்று செக்கோஸ்லோவாகியா ஒரு துப்பாக்கி வெடிக்காமல் இரண்டு நாடுகளாயிற்று. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. 1958-இல் வந்த ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்கீழ் பல தலைமுறைகள் வாழ்ந்த வடகிழக்கு மலைகளில், ஒற்றுமை என்ற சொல்லுக்குக் களியக்காவிளையில் உள்ள பொருள் இல்லை. பட்டாளத்தை நிறுத்தி வைத்துக் காக்கும் ஒற்றுமையை, ஒற்றுமை என்று அழைப்பது கஷ்டம்.

கோட்டின் கடன்

சரி, கோடு போட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டதா? நெய்யாறு முடியவில்லை என்கிறது.

அகஸ்தியர் மலைப் பகுதியில் பிறந்து, நெய்யாற்றின்கரையைத் தொட்டு, பூவாறில் கடலில் விழும் ஆறு இது. அணை 1958-இல் கட்டி முடிந்தது. இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வயல்களுக்கும் போகும்படி அமைந்தது. மாநிலம் இரண்டான பிறகும் தண்ணீர் பல வருடங்கள் வந்தது. 2004-இல் நின்றது. தமிழகக் கணக்குப்படி 9,200 ஏக்கர் பாசனம் போயிற்று. நெய்யாறு முழுக்க முழுக்கக் கேரளத்து ஆறு என்பது அங்குள்ள வாதம். இரு மாநில ஆறு என்பது இங்குள்ள வாதம். 2012-இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. கால்வாயை நம்பி நெல் போட்டவருக்கு, வழக்கு நடக்கும் வருடங்கள் எல்லாம் வறண்ட வருடங்கள்தான். வயலில் ரப்பரும் வாழையும் ஏறிவிட்டால், பிறகு தண்ணீர் வந்தும் நெல் திரும்புவது சுலபமல்ல.

ஒரு நாட்டுக்குள் இருப்பதன் லாபமும் நஷ்டமும் இந்த வழக்கில் சேர்ந்தே தெரிகிறது. இரண்டு நாடுகளாக இருந்தால் இது ராஜதந்திரப் பிரச்னை. எல்லையில் படை நிற்கும். ஒரே நாடு என்பதால் வக்கீல்கள் நிற்கிறார்கள். ஆனால் வக்கீல் வாய்தா வாங்கும் வேகத்தில் பயிர் காத்திருப்பதில்லை.

அடுத்த கடன், கோட்டுக்குத் தவறான பக்கத்தில் நின்றுவிட்டவர்களுக்கு. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழி என்றவர்கள் சுமார் 5 லட்சம். தமிழ்நாட்டில் மலையாளத்தைச் சொன்னவர்கள் சுமார் 7 லட்சம். இரண்டு பக்கமும் சிறுபான்மை உண்டு. 1956-இலேயே அரசியல் சட்டத்தில் 350-ஏ, 350-பி பிரிவுகள் சேர்ந்தன. ஆரம்பப் பள்ளியில் தாய்மொழிக் கல்வி, மொழிச் சிறுபான்மையினருக்கு ஒரு தனி அதிகாரி. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழர்களும் கன்னடர்களும் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. 2017-இல் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயமாயிற்று. ஏழு தசாப்தங்களுக்கு முன் ஆந்திரர்களும் தமிழர்களும் தங்கள் மொழிக்காகச் சொன்ன அதே நியாயத்தை, இன்று ஒவ்வொரு மாநிலமும் தன் மொழிக்குச் சொல்கிறது. தவறில்லை. ஆனால் ஓரத்து ஊரில் இருக்கும் குழந்தைக்கு அது எப்படிப் படுகிறது என்பதில்தான் சோதனை. வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும், வேலைக்கு மலையாளம் என்று ஆகும்போது, மூன்றாம் தலைமுறையில் தமிழ் எழுத்து மறைவதற்கு யாரும் தடை போட வேண்டியதில்லை.

இவற்றுக்கு நடுவே கோடு தினமும் தாண்டப்படுகிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிச் செக்போஸ்ட்டுகள் போயின. தமிழக ரேஷன் அரிசி கடத்தல், கேரளத்துக் கழிவு லாரி என்று இரு பக்கமும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கில்தான் எல்லை உண்மையிலேயே மூடியது. பக்கத்து ஊர் வெளியூர் ஆனது. தனி நாடு என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு சின்ன ஒத்திகை.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் இன்னொரு காட்சி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானைமீது புறப்படுகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே பல்லக்கில். முதல் இரவு குழித்துறை. மறுநாள் களியக்காவிளையில் தமிழகப் போலீஸ் வழியனுப்ப, கேரளப் போலீஸ் மரியாதை கொடுத்து வரவேற்கிறது. அன்றிரவு நெய்யாற்றின்கரை. பிறகு திருவனந்தபுரம். விழா முடிந்ததும் அதே வழியில் ஊர் திரும்புகிறார்கள். அரண்மனை இருக்கும் மண் தமிழகத்துடையது, அதைப் பராமரிப்பது கேரள அரசு. எழுபது வருடங்களாக இதற்கு யாரும் விசா கேட்கவில்லை.

சாமிக்குத் திறக்கும் வழி தண்ணீருக்கும் தமிழ்ப் பாடப்புத்தகத்துக்கும் திறக்குமா? பாறசாலையும் விளவங்கோடும் டெல்லியிடமும் இரு தலைநகரங்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் வரைக்கும் நாடு உடையுமா என்ற கவலை தேவையில்லை. பதில் சொல்ல மறுத்த நாடுகளுக்குத்தான் அந்தக் கவலை வந்தது.