கண்ணாடிப் பெட்டியும் காவல் நிலையமும்

வண்டிமாட்டைச் சாட்டையால் விளாசுகிறவனைக் கண்டால் வழிப்போக்கரில் ஒருவராவது நின்று தட்டிக் கேட்பார். பட்டினி போடப்பட்ட நாயோ இரவெல்லாம் ஊளையிட்டுத் தன் வழக்கைத் தானே தெருவுக்குச் சொல்லிவிடும். அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும் இகுவானாவுக்கும், கடைக்காரர்கள் 'பால் பைத்தான்' என்று விற்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்புக்கும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. அண்டை வீட்டுக்காரர் மனம் பொறாமல் புகார் கொடுத்தால், வந்து எட்டிப் பார்க்கும் காவலர், "உயிரோடுதானே இருக்கிறது, சார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார், வனத்துறையில் விசாரித்தால், "அது நம் நாட்டுப் பிராணி அல்லவே" என்கிறார்கள், கால்நடை மருத்துவரோ, "போலீஸ் கடிதம் இல்லாமல் நான் எப்படி வீட்டுக்குள் வருவது?" என்று நியாயமாகவே வினவுகிறார். மூன்று வாசல்களிலும் ஏறி இறங்கியவருக்கு உண்டாகும் ஆத்திரத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஆயினும் அந்த ஆத்திரத்தில் ஒரு பாதி அதிகாரிகளின் அசிரத்தைக்கும், மறுபாதி சட்டத்தின் அமைப்புக்கும் உரியது என்பதை அறிந்துகொண்டால், நான்காவது வாசல் எது என்பது புலப்படும்.

முதலில், காவலர் பார்த்தும் காணத் தவறியது எது என்பதைச் சொல்ல வேண்டும். இகுவானாவின் எலும்பு உறுதிப்படுவதற்குச் சுண்ணாம்புச் சத்து மட்டும் போதாது. அந்தச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளப் புற ஊதாக் கதிரும் வேண்டும். அக்கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆகவே, நல்லெண்ணத்தோடேயே பெட்டியை ஜன்னல் வெயிலில் வைக்கிற உரிமையாளர், தன் உடற்சூட்டைத் தானே சமன் செய்துகொள்ள இயலாத அந்த ஜீவனுக்குக் கதிரைக் கொடுக்காமல் காய்ச்சலை மட்டுமே கொடுக்கிறார். நாளடைவில் கீழ்த்தாடை ரப்பரைப் போல் வளைகிறது, விரல்கள் நடுங்குகின்றன, எலும்பு இளகிய தொடைகளோ நார்த்திசுவால் தடித்துப் பருத்து, பார்க்கிறவருக்குப் பிராணி நன்றாகத் தின்று கொழுத்திருப்பதாகவே தோற்றமளிக்கின்றன. மலைப்பாம்பின் விஷயம் இன்னும் சிக்கலானது. ஆரோக்கியமான பாம்பே மாதக்கணக்கில் இரையை மறுக்கக்கூடும் என்பதால், "சாப்பிடவில்லை" என்ற புகார் மாத்திரம் எதையும் நிரூபிக்காது. முதுகெலும்பு கூரை முகடுபோல் துருத்தி நிற்பதும், சட்டை முழுதாய் உரியாமல் துண்டு துண்டாய் ஒட்டிக்கிடப்பதும், கண்மேல் பழைய தோல் படிந்து மங்கியிருப்பதுமே சாட்சிகள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் ராஜ்ய சபையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா வித்திட்டதன் பயனாக 1960-இல் பிறந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டம், மனிதன் நீங்கலாக உயிருள்ள எந்த ஜந்துவும் பிராணியே என்று வரையறுக்கிறது, ஆகையால், "பாம்புக்கெல்லாம் சட்டமா?" என்று சிரிக்கிறவர் அதன் இரண்டாம் பிரிவைப் படிக்காதவர். போதிய உணவும் நீரும் இடமும் தராமையும், அசைய முடியாத கூண்டில் அடைப்பதும் 11-ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனையோ முதல் முறைக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மிகாமலும் அபராதம்! ஐம்பது ரூபாய்க் குற்றத்துக்காக எந்த நிலைய அதிகாரி தம் பிற்பகலைச் செலவிடுவார்? போதாக்குறைக்கு, 31-ஆம் பிரிவு கொடூரமாய்க் கொல்லுதல், பிராணிச் சண்டைக்குக் களம் நடத்துதல் போன்ற சில செயல்களை மட்டுமே போலீஸார் தாமாக வழக்குப் பதியத்தக்க குற்றங்களாக ஏற்கிறது; பட்டினி போடுதல் அப்பட்டியலில் இல்லை. குற்றம் நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடராவிட்டால் அவ்வழி அடைபட்டுவிடும் என்று 36-ஆம் பிரிவு வேறு கெடு விதிக்கிறது. அதிகாரிகள் "பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் உரிமையாளருக்கே லாபம்.

ஆனால் இதே சட்டத்தில், பலரும் கவனியாத 34-ஆம் பிரிவு ஒன்று உண்டு. குற்றம் நடந்துள்ளது அல்லது நடக்கிறது என்று நம்பக் காரணமிருந்தால், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட பதவியிலுள்ள போலீஸ் அதிகாரி எவரும் பிராணியைக் கைப்பற்றி, மாஜிஸ்திரேட்டின் முன்போ கால்நடை மருத்துவரின் முன்போ பரிசோதனைக்கு ஆஜர்படுத்தலாம். எனவே, புகார் மனுவில் "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்ற தேய்ந்துபோன வாசகத்தோடு நிறுத்தாமல், "34-ஆம் பிரிவின்படி பரிசோதனைக்கு உட்படுத்தவும்" என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். மேற்சொன்ன அறிகுறிகளை எந்தத் தேதியில், எங்கிருந்து கண்டீர்கள் என்பதையும் எழுதி, உங்கள் வீட்டிலிருந்தோ பொது நடையிலிருந்தோ எடுத்த படங்களை இணைத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். மறுத்தால், திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கலெக்டரிடமும், மாவட்டப் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்திடமும் அதே மனுவைக் கொடுக்கலாம். கெடு நெருங்கினால் வழக்கறிஞர் மூலம் மாஜிஸ்திரேட்டிடமே நேரடியாகப் புகார் செய்யலாம்.

வனத்துறையின் பதிலும் முழு உண்மையல்ல. பிராணி நம் நட்சத்திர ஆமையாயின், வீட்டில் வைத்திருப்பதே வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி மூன்றாண்டுக்குக் குறையாத சிறைக்குரியது. அங்கே பராமரிப்பைப் பற்றிய வாதத்துக்கே இடமில்லை. இகுவானாவும் பால் பைத்தானும் வெளிநாட்டவைதாம்; ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பின், அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வர்த்தக உடன்படிக்கையில் இடம்பெற்ற இவ்வினங்களை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அறிவித்துப் பதிவுசெய்தாக வேண்டும். "பதிவு உண்டா?" என்று தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுத்தில் கேட்டுவிட்டால், "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல இயலாது.

ஆத்திரத்தில் சிலர் பூட்டை உடைத்துப் பிராணியை 'மீட்டு' வந்துவிடுகிறார்கள். அது அத்துமீறலும் திருட்டுமாகி, குற்றவாளி வாதியாகவும் வாதி குற்றவாளியாகவும் மாறிவிடும் என்பதோடு, மருத்துவச் சான்றுக்கு வேண்டிய பெட்டியின் நிலையும் அழிந்துபோகும். ஆமையைக் கொண்டுபோய்க் கோயில் குளத்தில் விடும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அது சிவப்புக்காது ஆமையாயின், நம் நீர்நிலைகளின் சொந்த ஆமைகளை நெருக்கித் தள்ளும் அந்நிய இனம்.

இன்னும் ஒன்று. குற்றம் நிரூபணமானால் பிராணியை உரிமையாளரிடமிருந்து பறித்துக்கொள்ள 29-ஆம் பிரிவு நியாயஸ்தலத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் திருப்பிக் கொடுத்தால் மீண்டும் வதைபடும் என்பதற்குச் சாட்சியம் வேண்டும். ஆதலால் புகார் கொடுத்த பிறகும் தேதிவாரியான குறிப்பை நிறுத்தாதீர்கள். மனுவின் மேல் என்ன செய்யப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால், சாதாரணமாக முப்பது நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும், மூன்று மாதக் கெடுவுக்குள் அந்தப் பதிலும் உங்கள் கோப்பில் சேர்ந்துவிடும்.